காற்றுக்கு முதுகு காட்டி

சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோவிலுக்குப் போகும் சாலையில் இருக்கிறது குமராட்சி. அதையொட்டிய ஒரு சிற்றூர் என்னுடையது. தெற்கே கொள்ளிடம், வடமேற்கே வீராணம் ஏரி. கீழணையில் மிஞ்சியதும் வீராணத்தில் மிஞ்சியதும் எங்கள் பக்கமாகத்தான் கடலுக்குப் போயாக வேண்டும். ஏரி தன் முழு மட்டமான 47.50 அடியைத் தொட்டுவிட்டால், வெள்ளியங்கால் ஓடையில் எவ்வளவு திறக்கிறார்கள் என்பதே ஊரின் பேச்சாக இருக்கும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழையைப் பற்றிப் பேசாமல் அங்கே ஒரு நாளும் கழிந்ததில்லை.

சிறுவயதில் எங்களுக்கு வானிலை என்பது வானொலிதான். 'கடலூர் துறைமுகத்தில் மூன்றாம் எண் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது' என்று செய்தி வாசிப்பவர் சொன்னதும் திண்ணையில் பேச்சு நின்றுவிடும். கூண்டு எப்படியிருக்கும் என்று எங்களில் யாரும் பார்த்ததில்லை. ஆனால் எண்களின் படிநிலை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வெகுநாள் கழித்துத்தான் பதினோராம் எண்ணுக்கு என்ன பொருள் என்று படித்தேன். அது பத்தைவிடப் பெரிய புயல் அல்ல. வானிலை எச்சரிக்கை மையத்துடனான தொடர்பு அறுந்துவிட்டது என்று அர்த்தம்.

அந்தப் பதினொன்றை 2011 டிசம்பர் 30 அன்று சென்னையில் ஒரு வாடகை அறையில் உட்கார்ந்தபடி அனுபவித்தேன். தானே புயல் அன்று காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. விடிவதற்கு முன்பே வீட்டுத் தொலைபேசி செத்துவிட்டது. தொலைக்காட்சியில் ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தார்கள். இணையத்தில் எதையெதையோ தேடிக்கொண்டிருந்தபோது விமான நிலையங்களின் வானிலைக் குறிப்புகள் கிடைத்தன. ஆங்கில எழுத்துகளும் எண்களும் இடைவெளி விட்டு நின்ற ஒற்றை வரி. ஒன்றும் புரியவில்லை. ஆனால் அரை மணிக்கு ஒரு முறை அது மாறியது. எங்கோ ஒருவர் விழித்திருந்து வானத்தைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறார் என்பது மட்டும் புரிந்தது. அந்த நேரத்தில் அது போதுமானதாக இருந்தது.

*

மெட்டார் என்று அதற்குப் பெயர். 1968 முதல் உலக விமான நிலையங்களுக்கிடையே பொதுவாக வழங்கிவரும் சங்கேதம். உதாரணத்துக்கு நானே இட்டுக்கட்டிய ஒரு வரியைத் தமிழ் எழுத்தில் தருகிறேன்:

வி.ஓ.எம்.எம். 251200இசட் 01022கே.டி. 2000 ஆர்.ஏ. பி.கே.என்.008 ஓ.வி.சி.020 24/23 க்யூ1002

முதலில் வருவது சென்னை விமான நிலையத்தின் அடையாளம். திருச்சிக்கு வி.ஓ.டி.ஆர். அடுத்து நேரம்: 25ஆம் தேதி, 12 மணி 00 நிமிடம். இசட் என்பது உலகப் பொது நேரம். ஐந்தரை மணியைக் கூட்டிக்கொண்டால் நமக்கு மாலை 5.30. மூன்றாவது, காற்று. வடக்கை ஒட்டி 10 பாகையிலிருந்து 22 நாட் வேகத்தில் வீசுகிறது. ஏறத்தாழ மணிக்கு 40 கிலோமீட்டர். கண்ணுக்குத் தெரியும் தூரம் 2000 மீட்டர். ஆர்.ஏ. என்றால் மழை. முன்னால் கழித்தல் குறி இருந்தால் இலேசானது, கூட்டல் குறி இருந்தால் பலத்தது. வானத்தை எட்டுப் பங்காகப் பிரித்து மேகத்தை அளக்கிறார்கள். ஐந்திலிருந்து ஏழு பங்கு மூடியிருந்தால் பி.கே.என்., எட்டும் மூடிவிட்டால் ஓ.வி.சி. பக்கத்திலுள்ள எண் மேகத்தின் அடித்தளம் எத்தனை நூறு அடி உயரத்தில் இருக்கிறது என்பது. 24/23 என்பவை வெப்பநிலையும் பனிநிலையும். இரண்டும் நெருங்கினால் காற்று ஈரத்தால் நிரம்பிவிட்டதாகக் கொள்ளலாம். கடைசியில் இருப்பது கடல் மட்டத்துக்குக் கணக்கிட்ட காற்றழுத்தம், ஹெக்டோபாஸ்கலில்.

ஒரு மொழியைக் கற்றுக்கொள்ளும் ஆர்வத்தோடுதான் இதைக் கற்றேன். நாள்பட இதற்குள் சில ஆச்சரியங்கள் தென்பட்டன. பெரும்பாலும் ஆங்கிலச் சுருக்கங்களான இதில் சில பிரெஞ்சுச் சொற்கள் ஒளிந்திருக்கின்றன. மூடுபனிக்கு பி.ஆர்., அது ப்ரூம். ஆலங்கட்டிக்கு ஜி.ஆர்., அது கிரேல். புகைக்கு எஃப்.யூ., அது ஃப்யூமே. 2018 போகியன்று பழைய பாயும் டயரும் எரித்த புகையில் சென்னை விமானங்கள் தடுமாறின. நம்முடைய ஒரு பண்டிகையைக் குறிக்கவும் அந்த மொழியில் சொல் இருக்கிறதே என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

அதைவிட என்னைக் கவர்ந்தது காற்றின் திசையை எழுதும் முறை. காற்று எங்கே போகிறது என்று மெட்டார் சொல்வதில்லை, எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறது. தமிழிலும் அப்படித்தான். வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து தென்றல், மேற்கிலிருந்து கோடை. எங்கள் பக்கத்தில் மேற்கிலிருந்து வருவதை மேல்காற்று என்றும் தெற்கிலிருந்து வருவதைச் சோழகம் என்றும் சொல்வார்கள். 360 பாகைகளாக நறுக்கப்பட்டதை நான்கு சொற்களில் வைத்திருந்திருக்கிறோம்.

திசை தெரிந்தால் புயலின் இருப்பிடத்தை ஊகிக்கலாம். 1857இல் பைஸ் பாலட் என்ற டச்சு அறிஞர் வெளியிட்ட விதி ஒன்று உண்டு. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் காற்றழுத்தத் தாழ்வு உங்கள் இடக்கைப் பக்கம் இருக்கும். கருவி எதுவும் வேண்டாம், முதுகு ஒன்று போதும். வாடைக்கு முதுகு காட்டினால் முகம் தெற்கு நோக்கும், இடக்கை கிழக்கே, வங்கக் கடல் பக்கம். சென்னையில் காற்று வடகிழக்கிலிருந்து கிழக்குக்குத் திரும்பினால் புயல் சென்னைக்குத் தெற்கே கரையேறுகிறது. எங்கள் ஊரில் வடமேற்கிலிருந்து மேற்குக்குத் திரும்பினால் எங்களுக்கு வடக்கே. தானே கடந்து ஐந்தாம் நாள் தொடர்பு கிடைத்தபோது அப்பா சொன்னார்: "முதல்ல வாடையும் மேலுமா அடிச்சுது தம்பி. விடிஞ்சப்புறம் சோழகமாத் திரும்பிடுச்சு." விதி அவர் வாயிலிருந்தே வந்ததுபோல் இருந்தது.

*

அரைகுறையாகக் கற்றவனுக்கு வரும் வினை எனக்கும் வந்தது.

முதல் பிழையை நினைத்தால் இன்று சிரிப்பு வருகிறது. ஒரு கார்த்திகை நாளில் காலை பத்து மணிக்கு 1011 இருந்த அழுத்தம் மாலை நான்கு மணிக்கு 1007 ஆகிவிட்டது. பதறிப்போய் அப்பாவை அழைத்து வைக்கோல்போரைக் கயிறு போட்டுக் கட்டச் சொன்னேன். மறுநாள் வெயில் அடித்தது. நம்முடைய வெப்பமண்டலத்தில் அழுத்தம் கடலைப்போல் தினம் இரண்டு முறை ஏறி இறங்கும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. காலை பத்து மணியை ஒட்டியும் இரவு பத்து மணியை ஒட்டியும் உச்சம், பிற்பகல் நான்கையும் பின்னிரவு நான்கையும் ஒட்டித் தாழ்வு. மூன்று நான்கு அலகு வித்தியாசம் என்பது அன்றாட மூச்சு. ஆகவே இன்றைய நான்கு மணியை நேற்றைய நான்கு மணியோடு ஒப்பிட வேண்டும், இன்றைய பத்து மணியோடு அல்ல. அப்பா ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி வைத்துவிட்டதாக மட்டும் சொன்னார்.

2020 நவம்பர் 25 இரவு நிவர் வந்தபோது நான் தேறியிருந்தேன். சென்னையில் விமானங்கள் நிறுத்தப்பட்டிருந்த அந்த இரவு முழுவதும் குறிப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வானிலை ஆய்வு மையத்தின் கணிப்பும் தெளிவாக இருந்தது. "உங்களுக்கு வடக்கால போவுதுப்பா, மேல்காத்து அடிக்கும், பயப்படாதீங்க" என்றேன். புதுச்சேரி அருகே நள்ளிரவை ஒட்டி அது கரையைக் கடந்தது. ஊரில் சொன்னபடியே காற்று திரும்பியது. மறுநாள் அப்பாவின் குரலில் ஒரு பெருமை இருந்தது. தெருவில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். அதன் பிறகு "உன் பையன் என்ன சொல்றான்?" என்று கேட்டுக்கொண்டு நாலு பேர் திண்ணைக்கு வந்தார்களாம்.

ஒரு வாரத்துக்குள் புரெவி வந்தது. டிசம்பர் 2 இரவு இலங்கையில் திருகோணமலைக்கு வடக்கே கரையேறி, மறுநாள் மன்னார் வளைகுடாவுக்குள் வந்து வலுவிழந்து, இராமநாதபுரம் கரையருகே நகராமல் நின்றுவிட்டது. 3ஆம் தேதி மாலை அப்பா அழைத்தார். மழை விடாமல் பெய்துகொண்டிருப்பதாகவும் ஓடை ஏறுவதாகவும் சொன்னார். குறுவையில் சாப்பாட்டுக்கென்று எடுத்துவைத்த நெல்மூட்டைகள் கூடத்தில் தரையில் கிடந்தன. "பரண்ல ஏத்தணுமா தம்பி?" என்று கேட்டார்.

திருச்சியைப் பார்த்தேன், சென்னையைப் பார்த்தேன். காற்றில் வேகமில்லை. அழுத்தத்தில் அச்சப்படும்படியான வீழ்ச்சியில்லை. மையம் எங்களுக்கு வெகு தெற்கே இருந்தது. "அது செத்துப்போச்சுப்பா. இந்த வயசுல மூட்டையெல்லாம் தூக்காதீங்க, படுங்க" என்றேன். என் மனதில் அக்கறைதான் இருந்தது. அதோடு சேர்ந்து, தெரிந்தவன் என்ற மிதப்பும் இருந்தது.

மறுநாள் காலை எட்டரையோடு முடிந்த 24 மணி நேரத்தில் சிதம்பரத்தில் 34 செ.மீ. மழை பதிவாகியிருந்தது. கொள்ளிடத்தில் 36. நடராஜர் கோயில் பிரகாரத்தில் தண்ணீர் நின்ற படத்தை எல்லோரும் பகிர்ந்துகொண்டார்கள். எங்கள் வீட்டுக் கூடத்தில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். இரவு ஒரு மணிக்கு அப்பா இருட்டில் மாட்டை அவிழ்த்துச் சாலை மேட்டுக்கு ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார். பதினோரு மூட்டை நெல்லும் நனைந்து போயிற்று.

பத்து நாள் கழித்து ஊருக்குப் போனபோதுதான் முழுவதும் தெரிந்தது. மூட்டைகளை ஏற்றாதது எங்கள் வீடு மட்டுமல்ல. "என் பையன் பயமில்லன்னு சொல்லிட்டான்" என்று அப்பா அன்று மாலை தெருவில் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டு இன்னும் மூன்று வீடுகள் பேசாமல் படுத்துவிட்டன. கடைசி வீட்டு ஆயாவின் இரண்டு ஆடுகள் கட்டுத்தறியிலேயே போய்விட்டன. அவரைப் பார்க்கப் போனேன். என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றேன். "நீ என்னா பண்ணுவ தம்பி, வானம் என்னா சொல்லிட்டா பேயுது?" என்று சொல்லிவிட்டு மோர் கொடுத்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

*

பழைய மெட்டார்களைச் சேமித்துவைக்கும் இணையதளங்கள் உண்டு. சென்னைக்குத் திரும்பியதும் அந்த இரண்டு நாட்களின் குறிப்புகளை எடுத்து ஒரு நாவலின் தவறிய அத்தியாயத்தைப் படிப்பதுபோல் மறுபடி படித்தேன். அவற்றில் எந்தத் தவறும் இல்லை. திருச்சியில் இருந்தவர் திருச்சியின் வானத்தை எழுதியிருந்தார், மீனம்பாக்கத்தில் இருந்தவர் மீனம்பாக்கத்தின் வானத்தை. இரண்டுக்கும் நடுவே இருக்கும் குமராட்சியைப் பற்றி அவர்கள் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அந்த மௌனத்தைப் பாதுகாப்பு என்று நான்தான் வாசித்திருந்தேன்.

இன்னொன்றும் உறைத்தது. நான் பார்த்த குறிப்புகளில் மழை பெய்கிறதா என்பது இருக்கிறது, பலமா இலேசா என்பது இருக்கிறது. எத்தனை செ.மீ. பெய்தது என்பதற்கு அங்கே இடமில்லை. அது விமானிக்கென்று எழுதப்பட்ட பிரதி. ஓடுபாதை கண்ணுக்குத் தெரியுமா, மேகம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது, காற்று குறுக்கே அடிக்கிறதா என்பவையே அவருடைய கேள்விகள். நேற்றிலிருந்து தேங்கிய தண்ணீரைப் பற்றி, தரையிறங்கப்போகும் அவருக்குக் கவலையில்லை. எங்களுக்குத் தேவை அந்த ஒன்றுதான். காற்றில்லாமல், ஆரவாரமில்லாமல் பன்னிரண்டு மணி நேரம் கொட்டுகிற மழைதான் கடைமடையை மூழ்கடிக்கும்.

எனக்குத் தேவையான பிரதி வேறிடத்தில் இருந்தது. பரங்கிப்பேட்டையிலும் கடலூரிலும் நாகப்பட்டினத்திலும் வானிலைத் துறையின் நிலையங்கள் உண்டு. அவை அனுப்புவது சினாப் என்ற வேறொரு சங்கேதம், ஐந்தைந்து எண்களாகப் பிரிந்து வருவது. அதில் பெய்த மழையின் அளவுக்கென்று தனிக் கட்டம் இருக்கிறது. காரைக்காலில் ரேடார் இருக்கிறது. அவற்றை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. மெட்டார் எனக்குப் பழகியிருந்தது, அதனால் அதுவே போதும் என்று நினைத்துவிட்டேன். அந்த மெட்டாரிலேயே வெப்பநிலையும் பனிநிலையும் ஒட்டிக்கொண்டே நின்றதைக் கவனித்திருக்கலாம். தெற்கே நின்ற தாழ்வு, கிழக்கிலிருந்து கடலின் ஈரத்தை எங்கள் கரைமீது இடைவிடாமல் வாரி இறைத்துக்கொண்டிருந்தது. புயலின் கண்ணைத் தேடிக்கொண்டிருந்தவனுக்கு அதன் கை கண்ணில் படவில்லை. கொண்டல் என்ற சொல்லுக்கு மேகம் என்றும் மழை என்றும் பொருள் உண்டு. எத்தனையோ முறை வாசித்த சொல்தான்.

அதன் பிறகு ஊருக்குச் செய்தி சொல்வதை நிறுத்தினேன். கேட்பதைத் தொடங்கினேன்.

அப்பாவுக்கும் எனக்குமாக ஒரு சங்கேதம் தானாக உருவாயிற்று. மழைக்காலத்தில் காலை ஆறரைக்கும் மாலை ஐந்தரைக்கும் அழைப்பேன். மூன்றே தகவல்கள். முதலில் காற்று. மாட்டுக்கொட்டகை வாசலில் முதுகு காட்டி நின்று பார்த்துச் சொல்வார். அடுத்தது ஓடையின் படித்துறையில் வெளியே தெரியும் படிகள். மூன்றாவது, முற்றத்தில் திறந்த வெளியில் வைத்த, நேர்ப்பக்கங்கள் கொண்ட தகர டப்பாவில் எத்தனை விரற்கடை தண்ணீர் என்பது. "வாடை, படி நாலு, விரல் ஒண்ணு" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். முதலில் இதெல்லாம் எதற்கு என்றார். பிறகு நான் அழைக்க ஐந்து நிமிடம் தாமதமானால் அவரே அழைத்தார். கணிப்பு எதுவும் நான் சொல்வதில்லை. ஆய்வு மையம் சொன்னதைச் சொல்வேன். மூட்டையை ஏற்றலாமா என்று அவர் கேட்டால், ஏற்றிவிடுங்கள் என்பேன். வீணாக ஏற்றி இறக்கிய மூட்டைகளும் உண்டு.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. என் தங்கை புதுச்சேரியில் தாழ்வான ஒரு குடியிருப்பில் தரைத்தளத்தில் இருக்கிறாள். கரையைக் கடந்துவிட்டது என்ற செய்தி வந்ததும் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கப் போயிருந்தார்கள். டிசம்பர் 1 காலை ஆறரைக்கு அப்பா எடுத்தார். "மேல்காத்து" என்றார். பிறகு வழக்கமில்லாமல் ஒரு வாக்கியம் சேர்த்தார்: "ராத்திரி படுக்கும்போது எப்படி அடிச்சுதோ அப்படியேதான் அடிக்குது. திரும்பவே இல்ல தம்பி."

மேல்காற்றுக்கு முதுகு காட்டினால் முகம் கிழக்கே, இடக்கை வடக்கே. வடக்கே புதுச்சேரி. கடந்து உள்ளே போன புயலென்றால் காற்று இதற்குள் தெற்குப் பக்கமாகத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை என்றால் அது நகரவில்லை. தங்கையை எழுப்பினேன். பிள்ளைகளையும் சான்றிதழ்களையும் எடுத்துக்கொண்டு மாடி வீட்டுக்குப் போகச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே போனாள். புயல் அங்கேயே நிலைகொண்டிருப்பதாக அன்று காலை ஆய்வு மையமும் அறிவித்தது. அந்த ஒரு நாளில் புதுச்சேரியில் 46 செ.மீ.க்கு மேல் பெய்தது. தங்கை வீட்டில் கட்டிலுக்கு மேல் தண்ணீர் ஏறியிருந்தது.

அவள் பத்திரமாக இருப்பதைச் சொல்ல மத்தியானம் அப்பாவை அழைத்தேன். கேட்டுக்கொண்டார். நான் சொன்ன விதியை, இடக்கையை, எதையும் அவர் பொருட்படுத்தவில்லை. சிறிது நேரம் சும்மா இருந்துவிட்டு, கடைசி வீட்டு ஆயா காலையிலேயே வந்து உன் பையன் என்ன சொல்கிறான் என்று கேட்டுவிட்டுப் போனதாகச் சொன்னார்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றேன்.

"அவன் ஒண்ணும் சொல்லல, என்னத்தான் கேட்டான்னு சொன்னேன். ஆட்ட மேட்டுல கட்டிட்டுப் போயிட்டாங்க" என்றார். பிறகு, "படி மூணு, விரல் ரெண்டு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.